இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்: ஒரே கிரேக்கக் கடலோர ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரீட் தீவின் தென்கரையில் லூட்ரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. வளைந்த ஒரு குடா, அதை ஒட்டி வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. ஊருக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் மலைப்பாதையில் நடந்து போகலாம். ஆறு வருடங்களில் ஐந்து தடவை அங்கே போயிருக்கிறேன். ஐந்து பயணத்துக்கும் சேர்த்து ஒரே நோட்டுதான்.

முதல் தடவை எழுதியதை இரண்டாம் தடவை அதே கரையில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். கடல் நீலம், வீடுகள் வெண்மை, சாப்பாடு பிரமாதம் என்று ஆறு பக்கம். எந்தக் கிரேக்க ஊருக்கும் அது பொருந்தும். கரையில் எத்தனை படகு நின்றது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மலையில் பனி இருந்ததா, ஒன்றுமே இல்லை. பழைய சுவர் எது, புதிதாகக் கட்டியது எது என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் பட்டது. அன்றைக்கு எழுதும் முறையையே மாற்றினேன். புதிதாக இப்படி ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு பழக நினைக்கிறவர்களுக்கு, நான் தாமதமாகக் கற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள்

நடந்து பத்து நிமிடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடக்கூடிய ஊராக இருக்கட்டும். பெரிய ஊரில் ஒவ்வொரு தடவையும் புதிய தெருவைத் தேடி ஓடுவோம், பார்த்ததை மறுபடி பார்க்க மாட்டோம். ஊரைச் சுற்றி நடக்கப் பாதைகள் வேண்டும். விருந்தினர்களைத் தவிர வேறு ஏதாவது வேலையும் ஊரிலோ பக்கத்திலோ நடக்க வேண்டும்: ஆடு, தேன், ஆலிவ், மீன், ஏதோ ஒன்று. அப்புறம் செலவு. மறுபடி வர உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஊரா என்பதை முதல் தடவையே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் லூட்ரோவைத் தேடிப் போகவில்லை. சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டர் நடந்து இறங்கினால் அயா ருமேலி என்ற கடற்கரை ஊர் வரும். அங்கிருந்து திரும்பும் படகு வழியில் லூட்ரோவில் நிற்கும். கால் வலி தாங்காமல் இறங்கிவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் லூட்ரோவை வைத்துத்தான். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

2. விசாவைத் திரும்பப் போகும் கணக்கில் பாருங்கள்

கிரீஸ் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. கடந்த மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறைப்படி பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருடத்துக்குப் பலமுறை நுழைவு விசா கிடைக்க வழி உண்டு. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்தது ஐந்து வருடத்துக்கு. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு இதைவிட உதவியான விதி இல்லை. பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். என்னைப்போல் வேறொரு ஷெங்கன் நாட்டின் வசிப்பு அனுமதி வைத்திருந்தால் தனி விசா வேண்டாம், அந்த அட்டையும் பாஸ்போர்ட்டும் போதும்.

3. போய்ச் சேருங்கள், திரும்பும் நாளுக்கு இடைவெளி விடுங்கள்

கிரீட்டின் மேற்குப் பக்கத்து நகரம் ஹனியா. விமானமோ கப்பலோ அங்கே வந்து, பேருந்தில் தீவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அஸ்கிஃபூ சமவெளியைத் தாண்டியதும் திடீரென்று கீழே லிபியக் கடல் விரியும், அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கி ஹோரா ஸ்ஃபாக்கியோன் துறைக்குப் போய் நிற்கும். 1941 மே மாதக் கடைசியில், ஜெர்மன் படை கிரீட்டைப் பிடித்தபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இதே மலையைக் கடந்து இந்தத் துறையில்தான் இரவோடு இரவாகக் கப்பல் ஏறினார்கள். துறையருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே நின்றுவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து லூட்ரோவுக்குப் படகில் கால் மணி நேரம், இருபது நிமிடம். படகின் முன்பக்கப் பலகை கரையில் இறங்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். உருட்டுப் பெட்டி வேண்டாம், முதுகுப்பைதான் சரி. ரொக்கமும் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்: காற்று பலமானால் படகு ஓடாது. கிரேக்கர்கள் காற்றை, அதன் பலத்தை எண்ணால் சொல்லும் 'போஃபோர்' கணக்கில்தான் பேசுவார்கள். "நாளைக்கு ஏழு போஃபோராம்" என்று காபிக் கடையில் யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் பயணத்தில் இது புரியாமல் கடைசி நாள் காலைப் படகை நம்பி இருந்தேன். இரண்டு நாள் படகே வரவில்லை, விமானமும் போய்விட்டது. அன்றிலிருந்து கடைசி இரவை எப்போதும் ஹனியாவில்தான் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே திட்டமிடுங்கள்.

4. முதல் நாள் எழுதாதீர்கள், வணக்கம் சொல்லுங்கள்

காலையில் 'கலிமேரா', மாலையில் 'கலிஸ்பேரா'. எதிரில் வருகிறவருக்கு நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், உள்ளே வருகிறவர் சொல்வதுதான் மரியாதை. நம் நீ, நீங்கள் போலவே அங்கேயும் உண்டு. ஒத்த வயதுக்காரருக்கு 'யாசு', பெரியவருக்கும் பலருக்கும் 'யாசாஸ்'. பாட்டிகளிடம் 'யாசாஸ்' என்றே தொடங்குங்கள்.

'நே' என்றால் ஆமாம். நம் காதுக்கு அது மறுப்பைப் போலவே கேட்கும், பழக இரண்டு நாள் ஆகும். இல்லை என்பதற்கு 'ஓஹி'. பல சமயம் அந்த வார்த்தைகூட வராது, புருவத்தையும் தலையையும் லேசாக மேலே தூக்கி, நாம் 'ப்ச்' என்று கொட்டுவதைப்போல ஒரு சத்தம். அதுதான் இல்லை.

கோடையில் மதியம் மூன்று மணிக்கு மேல் ஊர் தூங்கும். அந்நேரம் சத்தம் போடாதீர்கள், யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். கழிப்பறையில் காகிதத்தைத் தொட்டியில் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் மெல்லியவை.

5. நோட்டு

கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அது அடுத்த பயணத்துக்கு.

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே. முதல் பயணத்தில் வலப்பக்கத்தில் "படகுத்துறை, காலை ஏழு மணி" என்று எழுதியிருப்பீர்கள். அடுத்த தடவை அதே இடத்தில், அதே நேரத்தில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். பழையதைத் திருத்தக் கூடாது. தப்பாக இருந்தாலும் அப்படியே கிடக்கட்டும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் ஊர் நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. மூன்றாம் பயணத்திலிருந்து மை நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள், ஓரங்களில் எழுதுங்கள். என் நோட்டில் படகுத்துறைப் பக்கத்தில் இப்போது நான்கு நிறம் இருக்கிறது.

மூன்று இடங்களைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். என்னுடையவை படகுத்துறை, ஊருக்கு மேலே பாழடைந்த கோட்டை இருக்கும் முனை, க்ளிகா நெரா கடற்கரை. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுங்கள். அழகு, அமைதி, அற்புதம் போன்ற சொற்களுக்கு முதல் பயணத்தில் இடம் தராதீர்கள். எண்ணிக்கை எழுதுங்கள்: கரையில் எத்தனை படகு, எத்தனை கடை திறந்திருக்கிறது. காற்று வாடையா தென்றலா என்று எழுதுங்கள். பின்னால் நிற்கும் லெஃப்கா ஓரி மலைத்தொடரில், உச்சி 2,453 மீட்டர், பனி எங்கே வரை இருக்கிறது என்று எழுதுங்கள். தெற்கிலிருந்து காற்று அடித்தால் ஆப்பிரிக்கத் தூசி வந்து வானம் பழுப்பாகும், மேசைமேல் விரலால் கோடு போடலாம். என் மூன்றாம் பயணத்துப் பக்கம் ஒன்றில் அந்தத் தூசி இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஊர்க்காரர்களின் பெயரை எழுதாதீர்கள். 'மூலைக் கடைப் பாட்டி', 'டிக்கெட் கிழிக்கும் அண்ணன்' என்று எழுதினால் உங்களுக்குப் புரியும். சின்ன ஊர், நோட்டு தொலைந்தால் அவர்கள் வீட்டுக் கதை அடுத்தவர் கையில் போகக் கூடாது.

6. நடங்கள்

ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கும் லூட்ரோவுக்கும் நடுவில், படகிலும் போகலாம், நடந்தும் போகலாம், க்ளிகா நெரா இருக்கிறது. பெயருக்குப் பொருள் நன்னீர். செங்குத்துப் பாறைக்கு அடியில் கூழாங்கல் கரை. மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கடலோரத்தில் கல்லுக்கு நடுவே கசிந்து வெளியே வருகின்றன. கோடையில் நம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவதைப்போல அங்கே தோண்டலாம். முழங்கை ஆழத்துக்குக் கற்களை ஒதுக்கினேன். முதலில் கலங்கலாக நின்றது, கொஞ்ச நேரத்தில் அடியில் கிடந்த கல்லின் கோடுகள்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிந்தது. இரண்டு எட்டு தள்ளி அலை அடிக்கிறது, ஆனால் உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரில் உப்பே இல்லை. பல் கூசும் குளிர். கடலில் இறங்கினாலும் அப்படித்தான், வெதுவெதுப்பான தண்ணீருக்கு நடுவே திடீரென்று ஒரு குளிர்ந்த இழை காலைத் தொட்டுப் போகும்.

பாதை ஈ4 என்ற ஐரோப்பிய நெடும்பாதையின் ஒரு துண்டு. சில இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்கள் படகில் போங்கள். நடந்தால் ஹோரா ஸ்ஃபாக்கியோனிலிருந்து லூட்ரோ வரை நிதானமாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிழல் இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், செருப்பு உதவாது.

கோட்டை முனைக்குப் போகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறினால் போதும். அங்கே நின்றால் கிழக்கே லூட்ரோ குடா, மேற்கே ஃபினிகாஸ் குடா, இரண்டும் தெரியும். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கம்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுலை ஏற்றிவந்த கப்பல் மழைக்காலத்தைக் கழிக்கப் போய்ச்சேர நினைத்த 'பேனிக்ஸ்' துறைமுகம் இதுதான். போய்ச்சேரவில்லை, யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதே அதிகாரத்தில் வரும் 'கிலவுதா' தீவு இன்றைய கவ்தோஸ். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே தெரியும். பேனிக்ஸ் எந்தத் திசையைப் பார்த்தது என்று அந்த அதிகாரம் சொல்வதை வைத்து, துறைமுகம் கிழக்குக் குடாவா மேற்குக் குடாவா என்று அறிஞர்கள் வெகுகாலமாக வாதாடுகிறார்கள். நான் அந்த வசனத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போய், முனையில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த ஒரு பெயர் கால்கீழே கல்லாகவும் தண்ணீராகவும் கிடப்பதைப் பார்த்து வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உடம்பில் தெம்பு இருந்தால் பின்மலையில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் 600 மீட்டர் உயரத்து அனோபொலிக்குப் போங்கள். 1770இல் துருக்கிய ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய தாஸ்கலோயான்னிஸின் ஊர் அது, சதுக்கத்தில் அவர் சிலை இருக்கிறது. மறுவருடம் அவரை ஹெராக்லியோனில் உயிரோடு தோலுரித்துக் கொன்றார்கள். விடியற்காலையில் கிளம்புங்கள், வெயில் ஏறினால் அந்தச் சுவர் அடுப்பாகிவிடும்.

7. சாப்பாடு, குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு

'நிஸ்டீசிமோ' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விரதச் சாப்பாடு என்று பொருள். இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் இல்லாதது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி எல்லாம் அவர்கள் விரதத்தில் சேரும். அதனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 'ஹோர்தா' என்று கேட்டால் காட்டுக்கீரையை வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றித் தருவார்கள். 'தாகோஸ்' பார்லி ரஸ்க்கின்மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும்.

இந்தப் பக்கத்துக்கே உரியது ஸ்ஃபாக்கியா பீத்தா. மூலைக் கடைப் பாட்டி செய்வதை மூன்றாம் பயணத்தில் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். மாவு உருண்டையைக் கிண்ணம்போல் குழித்து, நடுவில் மிசித்ரா என்ற வெண்ணிறப் பாலாடைக்கட்டி உருண்டையை வைத்து மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டித் தட்டையாக்குகிறார். பூரணம் வெளியே வரவே இல்லை. கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து, மேலே தைம் பூத்தேன் ஊற்றுகிறார். அப்படியே போளிதான். எங்கள் வீட்டில் அம்மா வாழையிலையில் தட்டுவதைக் கையால் நடித்துக் காட்டினேன். மாவு உருண்டை ஒன்றை என் கையில் வைத்துத் தட்டச் சொன்னார்.

காபி கேட்கும்போது சர்க்கரையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 'ஸ்கேத்தோ' சர்க்கரை இல்லாமல், 'மெத்ரியோ' அளவாக, 'க்ளிகோ' தித்திப்பாக. அடியில் நிற்கும் வண்டலைக் குடிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் பழமும் ராக்கி என்ற சாராயம் ஒரு சின்னக் குப்பியும் கேட்காமலே வரும். அது கேரஸ்மா, அவர்கள் உபசாரம். காசு கொடுக்கப் போகாதீர்கள், மனம் வருத்தப்படுவார்கள். குடிக்காதவர்கள் நெஞ்சில் கை வைத்து 'எஃப்ஹரிஸ்தோ', நன்றி, என்று சொன்னால் போதும்.

8. அடுத்த தடவை வேறு பருவத்தில் போங்கள்

ஒரே மாதத்தில் ஐந்து தடவை போவதைவிட மூன்று பருவத்தில் மூன்று தடவை போவது மேல். ஏப்ரலில் மலையில் பனி இருக்கும், அடியில் பூக்கள், கடல் குளிரும். கிரேக்க ஈஸ்டர் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டர் தேதியில் பெரும்பாலும் வராது. 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. சனிக்கிழமை நள்ளிரவில் விளக்கெல்லாம் அணைத்து, ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தீ கைமாறி வரும். 'ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி' என்பார்கள், நீங்கள் 'அலித்தோஸ் அனேஸ்தி' என்று பதில் சொல்லுங்கள். பிறகு சிவப்பு முட்டையை முட்டையோடு மோதி உடைப்பார்கள். ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள், அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், ஊர்க்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அதற்குப் பிறகு கடைகள் பெரும்பாலும் மூடிவிடும், படகும் குறையும்.

இரண்டாம் தடவை இறங்கும்போது 'கலோஸ் இர்த்தெஸ்' என்பார்கள், நல்வரவு. அதற்குப் பதில் நன்றி அல்ல. 'கலோஸ் சாஸ் வ்ரீக்கா' என்று சொல்ல வேண்டும்: உங்களை நல்லபடியாகக் கண்டேன் என்று பொருள். இதைச் சரியாகச் சொன்ன அன்றைக்குத்தான் டிக்கெட் கிழிக்கும் அண்ணன் முதல் தடவையாக என் தோளைத் தட்டினார். போகும்போது சின்னதாக ஏதாவது கொண்டுபோங்கள். நான் ஏலக்காய் கொண்டுபோவேன். பாட்டி அதைத் துணிகளுக்கு நடுவில் வைக்கிறார், சமையலுக்கு என்று சொல்லியும் கேட்கவில்லை.

9. கிளம்பும் முன் கேள்விகளை எழுதுங்கள்

கடைசிக் காலை, படகு வருமுன், வலப்பக்கத்தின் அடியில் மூன்று கேள்வி எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை போய்க் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருக்கட்டும். போன அக்டோபரில் நான் எழுதியவை: கோட்டை முனையின் மேற்குச் சரிவில் ஆடுகள் எந்த நேரத்தில் இறங்குகின்றன? க்ளிகா நெராவில் ஊற்று கோடைக் கடைசியில் தள்ளிப் போகிறதா, அதே இடத்திலேயே இருக்கிறதா? பாட்டி மிசித்ராவை எந்த ஊரிலிருந்து வாங்குகிறார்?

எழுதி முடிப்பதற்குள் படகு வந்துவிட்டது. மூலைக் கடை வாசலிலிருந்து பாட்டி 'கலோ ஹிமோனா' என்றார். நல்ல குளிர்காலமாக இருக்கட்டும் என்று, கோடை முடிகிறபோது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. அதை இடப்பக்கத்தில், பென்சிலால், தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.